இருபது வருஷ உத்தரவாதம்

அந்த மேஜைக்கு முதலில் வந்து சேர்வது கதை. கடிகாரம் அதற்குப் பின்னால்தான் வெளியே வரும்.

"எங்க தாத்தாவோட அப்பாவுக்கு ராஜா குடுத்தது சார்" என்பார் வந்தவர், கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தபடி.

"எந்த ராஜா?"

"அது தெரியாது சார். ராஜாதான்."

மேஜைக்காரர் மரியாதையாகத் தலையாட்டுவார். மூடிக் கிடக்கும் சினிமா கொட்டகை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் விடுமுறை நாள்தோறும் கூடுகிற பழைய சாமான் சந்தை அது. அங்கே வந்து குவிந்த பாக்கெட் கடிகாரங்களை வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டைக்குப் போனதாகவோ வரி வாங்கியதாகவோ தெரியவில்லை. காலையில் பல் விளக்கியதும் கடிகாரம் கொடுக்க ஆரம்பித்து விளக்கு வைக்கிறவரை கொடுத்திருக்கிறார்கள். ராஜா கொடுக்காததைக் கப்பல் கேப்டன் கொடுத்திருக்கிறார். கடையில் காசு கொடுத்து வாங்கினோம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

மேஜைக்காரரை எல்லோரும் 'வாட்ச் மாப்பிள்ளை' என்றுதான் அழைக்கிறார்கள். வீட்டில் மட்டும் வழங்கிவந்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து சந்தைக்கு வந்துவிட்டது. வயது ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஊருக்கே மாப்பிள்ளையாக இருப்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் டீக்கடையில் கடன் சொல்ல வசதி.

வாரத்தின் மற்ற நாட்களில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அடுத்தவர் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, பிரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. 'பவர் கூடியிருக்கு' என்றால் சண்டைக்கு வருகிறவர்களிடம், "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார், இப்ப வர்ற பல்புதான் சரியில்ல" என்று சொல்லிப் புதுக் கண்ணாடியை மாட்டி அனுப்பத் தெரிந்தவர். பழைய கடிகாரத்துக்கு மதிப்புச் சொல்கிற மேஜையில் உட்கார இதைவிடப் பெரிய படிப்பு எதுவும் கிடையாது.

அவர் வேலை செய்கிற விதமே தனி. கடிகாரத்தை வாங்கியதும் முதலில் காதில் வைத்துக்கொள்வார். ஓடுகிறதா என்று கேட்கிறார் என மற்றவர்கள் நினைப்பார்கள். கொண்டுவந்தவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார், அவ்வளவுதான். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகு ஓரங்கள்: சங்கிலி மாட்டும் வளையம், மூடியின் கீல், நகம் பட்டுப் பட்டுத் தேய்கிற விளிம்பு. முலாம் பூசிய கடிகாரம் முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான். பிறகு பின்மூடி, அதற்குள்ளே உள்மூடி, அதற்கும் உள்ளே மெஷின். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவர் குனிந்தால், பக்கத்து மேஜையில் பழைய ரேடியோ விற்கிறவர் தன் பாட்டின் சத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுவார்.

கடைசியில் தீர்ப்பு. அதற்கு அவரிடம் இரண்டே வாக்கியங்கள். சாதாரணக் கடிகாரமாக இருந்தால், "பத்திரமா வைங்க." உண்மையிலேயே விலை போகிற பொருளாக இருந்தால், "யார்கிட்டயும் காட்டாதீங்க." இரண்டு வகைக்காரர்களும் சந்தோஷமாகப் போவார்கள். ஒருவர் மட்டும் நின்று, "ரெண்டையும் சேத்துச் செய்யலாமா சார்?" என்று கேட்டார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர்.

கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

"வர்றதுக்கு முன்னாடி நல்லாத் தேய்ச்சுப் பளபளன்னு கொண்டாந்தேன் சார். டூத் பேஸ்ட் போட்டு."

அதைக் கேட்டதும் அவர் முகம் இழவு வீட்டில் நிற்கிறவர் முகம் மாதிரி ஆகிவிடும். கடிகாரத்தின் மேல் இருந்த பொறிப்பு, முத்திரை, வயசுக்குச் சாட்சி சொல்லும் மங்கல், எல்லாம் அந்த வீட்டு வாஷ்பேசின் வழியாகச் சாக்கடைக்குப் போயிருக்கும்.

இன்னொரு தவறு உண்டு. இது எல்லா வீட்டிலும் நடப்பது. சில கடிகாரங்களில் உள்மூடியைத் திறந்தால் சின்னச் சின்ன வட்டங்களாக மெடல் படங்கள் பொறித்திருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வருஷம். கடிகாரம் செய்த கம்பெனி எந்தெந்தக் கண்காட்சியில் பரிசு வாங்கியது, அல்லது வாங்கியதாகச் சொல்லிக்கொண்டது என்கிற விளம்பரம் அது. கண்காட்சி முடிந்து ஐம்பது வருஷம் கழித்துச் செய்த கடிகாரத்திலும் அதே மெடலைப் பொறிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த ஆள் ஓய்வுபெறும் நாள்வரை அதைச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. வீட்டுக்காரர்கள் அந்த வருஷங்களில் ஆகப் பழையதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடிகாரம் பிறந்ததே அன்றைக்குத்தான் என்று சத்தியம் செய்வார்கள்.

இந்தத் தவற்றோடு வருகிறவர்களை மட்டும் வாட்ச் மாப்பிள்ளை சிரித்துத் திருத்துவது கிடையாது. அவருக்குக் கல்யாணம் ஆனதே அந்தத் தவற்றால்தான்.

அப்போது அவர் கண்ணாடிக் கடையில் சேர்ந்த புதிது. மாமா ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெண் கேட்டுப் போனார். பெண்ணின் அப்பா தபால் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. வருகிற பையன்களின் சம்பளத்தை அவர் விசாரிப்பதில்லை. தங்க நிறத்தில் ஒரு பாக்கெட் கடிகாரத்தை எடுத்து அவர்கள் கையில் வைப்பார், அவ்வளவுதான். முந்தின வாரம் வந்த பையன் ஒருவன், "மணி சரியா காட்டுமா?" என்று கேட்டு அந்த நிமிஷமே தோற்றுப் போயிருந்தான்.

நம்மவர் மூடியைத் திறந்தார். மெடல் தெரிந்தது, வருஷம் தெரிந்தது. மனசுக்குள் கழித்துப் பார்த்தார். உண்மையாகவே அசந்துபோனார்.

"இது மியூசியத்துல இருக்க வேண்டிய பொருள் சார்."

பெரியவர் எழுந்தே விட்டார். "பாத்தியா? பையன் விஷயம் தெரிஞ்சவன்" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். பெண் பிடித்திருக்கிறதா என்று பையனையும், பையன் பிடித்திருக்கிறதா என்று பெண்ணையும் கேட்டது அதற்குப் பிறகுதான்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் கடிகாரத்தை எடுப்பார், "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க" என்பார். அவர் சொல்லுவார். விருந்தாளிகள் கேள்வி கேட்டார்கள். எந்த நாட்டில் செய்தது? ஏன் இத்தனை மூடி? பதில் தெரியாமல் முழிப்பதற்குப் பயந்து, நூலகத்துக்குப் போனார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டு ஏல அட்டவணைகளைக் கிலோ கணக்கில் வாங்கினார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அறிவு வளர்ந்தது. கூடவே மாமனாரின் கடிகாரத்தின் மேல் சந்தேகமும் வளர்ந்தது.

ஒருநாள் மாமனார் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கடிகாரத்தை முதல் தடவையாக முறைப்படி சோதித்தார். வருஷம் மெடலுடையது. மெஷின் ஒரு கடிகாரத்துடையது, கூடு வேறொன்றுடையது. பழைய மெஷினைப் பிடித்திருந்த திருகுகளின் தழும்பு கூட்டின் உள்விளிம்பில் அப்படியே இருந்தது. பின்மூடியின் உட்புறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி அந்நிய பாஷை. அகராதியைப் புரட்டினார். 'தங்க முலாம். இருபது வருஷ உத்தரவாதம்.'

சுத்தத் தங்கத்துக்கு எந்தக் கம்பெனியாவது இருபது வருஷம் உத்தரவாதம் கொடுக்குமா?

குளித்துவிட்டு வந்த மாமனார், தலையைக்கூடத் துவட்டாமல் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல முடியவில்லை. பெரியவர் காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். பெரியவரோ நல்ல ஆரோக்கியசாலி. அவர் போய்ச் சேர்வதற்குள் மருமகன், பிழையாகச் சொன்ன ஒரே ஒரு கடிகாரத்தால், மற்ற எல்லாக் கடிகாரங்களையும் சரியாகச் சொல்கிற ஆளாகிவிட்டார். ஊரில் அவர் பெயரின் அஸ்திவாரமே அந்தப் பித்தளைதான்.

பிறகு பங்கு பிரிக்கிற நாள் வந்தது.

பெரியவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகன் பெயின்ட் கடை வைத்திருக்கிறார், நம்மவருக்கு மச்சான். எந்தச் சுவரைப் பார்த்தாலும் இத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கண்ணாலேயே சொல்லுவார். சுவருக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் வராது. அடுத்தவள் நம்மவரின் மனைவி. தனக்கு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாள். கடைசிப் பெண், மச்சினி, தையல்காரி. கணவர் இறந்தபின் அப்பா வீட்டு மாடியில் தெருவைப் பார்த்த அறைக்கு வந்து மிஷின் போட்டவள். இரண்டு ஜன்னல், நாள் முழுக்க நல்ல வெளிச்சம், தெருவில் நின்று "அக்கா, ஆயிடுச்சா?" என்று கத்தினால் ஜன்னல் வழியாகப் பதில் சொல்லும் உயரம். துணி வெட்டுகிற மேஜையைத் தச்சர் அந்த அறைக்குள்ளேயே வைத்துச் செய்தார். கதவு வழியாக அது வெளியே வராது.

கீழ் வீடு மச்சானுக்கு என்பதில் சச்சரவில்லை. மாடி மச்சினிக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் மாடியைப் பல் டாக்டர் ஒருவர் வாடகைக்குக் கேட்டிருந்தார். அலமாரியில் கிடக்கிற கடிகாரத்தைவிட மாசா மாசம் வருகிற வாடகைதான் மச்சானுக்குக் கண்ணில் தெரிந்தது. ஆகவே மச்சான் தங்கையிடம் வந்து தாராள மனசோடு பேசினார்.

"நீ சின்னவ. உனக்குத்தான் பெருசு போகணும். அப்பாவோட வாட்ச்சை நீ எடுத்துக்கோ. இந்த மாடிய மட்டும் எனக்கு விட்டுடு."

"வாட்ச்சா?"

"மியூசியத்துல இருக்க வேண்டியது. நான் சொல்லல, உன் அத்தான் சொன்னது. அதை வித்தா இந்த மாதிரி மாடி எத்தனை வாங்கலாம் தெரியுமா?"

மச்சினிக்கு அண்ணன் பேச்சில் நம்பிக்கை கிடையாது. அத்தான் பேச்சில் உண்டு. "அத்தான் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லிட்டா நான் கீழ இறங்கிடறேன்" என்று சொல்லிவிட்டாள். அதோடு நிற்காமல் சந்தைக்கே வந்து சேர்ந்தாள், கண்கள் மின்ன.

"அத்தான், மெயின் ரோட்டுல ஒரு கடை காலியாகுது. கண்ணாடிக் கதவு. வாசல்ல போர்டு வச்சுக்கலாம். வாட்ச்சை நீங்களே நல்ல எடத்துல வித்துக் குடுத்துடுங்க, என்ன?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு கைக்குட்டைக்காரர் குறுக்கே வந்தார்: "சார், இது கப்பல் கேப்டன் குடுத்தது…"

பங்கு பேசுகிற நாள் காலை, மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய வெள்ளைச் சட்டை. நிபுணர் மாதிரித் தெரிய வேண்டுமாம்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"உங்கப்பாவோட வாட்ச் பித்தளை."

இஸ்திரிப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. காலர் புகைய ஆரம்பித்த பிறகுதான் அவள் அதைத் தூக்கினாள்.

"எப்போலேருந்து?"

"அது எப்பவுமே பித்தளைதான். எனக்குத் தெரிஞ்சுதான் இருபது வருஷம் ஆச்சு."

"அப்போ எங்கப்பா ஏமாந்தாரா?"

"நானுந்தான் ஏமாந்தேன்."

"நீங்க என்ன ஏமாந்தீங்க?" அவள் குரல் ஒரு படி ஏறியது. "உங்களுக்குக் கெடச்சது நான். அவருக்குக் கெடச்சதுதான் நீங்க."

அவள் கருகிய காலரை நீவிப் பார்த்தாள். பிறகு வேறு குரலில் பேசினாள்.

"இன்னிக்குப் போயி உண்மையைச் சொன்னா, சந்தையில உங்க பேரு?"

"போகும்."

"சொல்லலேன்னா, சின்னவளுக்கு மாடி?"

"போகும்."

"அப்புறம் என்ன யோசனை? வேற சட்டை தர்றேன். இதைப் போட்டுட்டுப் போனா மானமும் போகும்."

மச்சான் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மச்சான், அவர் மனைவி, மச்சினி, நம்மவர் தம்பதி, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வந்த குடும்ப வக்கீல். நடுவில் முக்காலி, அதன் மேல் புதுத் துவாலை, துவாலை மேல் கடிகாரம். ஆபரேஷன் நடக்கப் போகிற மாதிரி ஓர் அமைதி.

நம்மவர் அதைக் காதில் வைக்கவில்லை. கதை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். நேராக மூடியைத் திறந்தார்.

"சுத்தி வளைக்கல. இது சாதாரணக் கடிகாரம். முலாம் பூசின பித்தளை. மெஷினும் கூடும் வேற வேற. இதுல இருக்கற வருஷம் மெடல் வாங்கின வருஷம், வாட்ச் செஞ்ச வருஷம் இல்ல. சந்தையில இதே மாதிரி வாரத்துக்கு ரெண்டு வரும். இதை நம்பி யாரும் எதையும் விட்டுக் குடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டு மூச்சு விட்டார். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இனி என்ன வரும் என்று தயாராகத்தான் இருந்தார்: அழுகை, கோபம், ஏளனம். வந்தது வேறு.

மச்சான் சிரித்தார். மெதுவான, எல்லாம் புரிந்துகொண்ட சிரிப்பு.

"நல்லாருக்கு மாப்பிள்ளை. இத்தனை வருஷமா மியூசியம், மியூசியம்னீங்க. பங்கு பிரிக்கற அன்னிக்கு மட்டும் பித்தளை ஆயிடுச்சா?"

"அப்போ எனக்குத் தெரியாது மச்சான்."

"ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்றீங்க. வீட்டு வாட்ச் தெரியலையா?"

மச்சான் மனைவி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அண்ணே, உங்களுக்கு ஆசை இருந்தா நேராவே கேக்கலாமே. இப்படி வெலையைக் கொறச்சு, அப்புறம் சின்னவகிட்ட இருந்து சும்மா வாங்கிட்டுப் போற வேலையெல்லாம் எதுக்கு?"

"தங்கச்சி, எனக்கு அது வேண்டவே வேண்டாம்மா!"

"பாத்தீங்களா," என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள், "வேண்டாம்னு வேற சொல்றாரு."

அவர் லென்ஸை நீட்டினார். நீங்களே பாருங்கள் என்றார். லென்ஸ் கைமாறியது. மச்சான் ஓரத்தைப் பார்த்து, "பழைய தங்கம் இப்படித்தான் செவந்து தெரியும்" என்றார். திருகுத் தழும்பைப் பார்த்த அவர் மனைவி, "கையால செஞ்சதுன்னு தெரியுது" என்று வியந்தாள். வக்கீல் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, நெடுநேரம் பார்த்து, "ம்" என்றார். அந்த 'ம்' கடிகாரத்தின் மதிப்பை இன்னும் ஏற்றிவிட்டது.

இருபது வருஷ உத்தரவாதத்தை அவர் படித்துக் காட்டியபோது, மச்சான் தொடையில் தட்டினார். "கம்பெனியே உத்தரவாதம் குடுத்திருக்கான்! பித்தளைக்கு எவனாச்சும் குடுப்பானா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக வாட்ச் மாப்பிள்ளை ஒரு கடிகாரத்தைப் பற்றி முழு உண்மையைச் சொல்கிறார். முதல் தடவையாக ஒருவரும் அவரை நம்பவில்லை. அவர் மனைவி மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"சரி," என்றார் மச்சான், பெயின்ட் டப்பாவை மூடுகிற தோரணையில். "மாப்பிள்ளை வாக்கே வாக்கு. வாட்ச் செல்லாக்காசு. செல்லாக்காசை என் தங்கச்சி தலையில கட்ட எனக்கு மனசு வரல. நான் எடுத்துக்கறேன். மாடி அவளுக்கு."

"வேண்டாம் மச்சான். உங்களுக்குத்தான் நஷ்டம்."

மச்சானின் கை கடிகாரத்தின் மேல் விழுந்தது.

"நஷ்டம் என்னோட போகட்டும்."

"மச்சான், சொன்னாக் கேளுங்க. பல் டாக்டர் வாடகை மாசா மாசம் வரும். இது மணியைத் தவிர ஒண்ணும் தராது. அதுவும் கால் மணி பின்னால."

கடிகாரம் சட்டைப்பைக்குள் போனது. எத்தனை முறை தடுத்தாரோ அத்தனை அங்குலம் அது ஆழமாகப் போனது. இந்த இடத்தில்தான் அவருக்கு ஒன்று பிடிபட்டிருக்க வேண்டும். மச்சினியின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு போர்டு கனவு கலைந்து, மாடியாவது தங்குமா என்று உட்கார்ந்திருந்தாள். உடனே நம்மவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, குரல் தழுதழுக்க இன்னொரு தடவை சொன்னார்:

"கடைசியா சொல்றேன் மச்சான். அதை என்கிட்ட குடுத்துடுங்க, நானே ஒரு ஓரமாப் போட்டு வைக்கறேன்."

"எழுதிக்குங்க வக்கீல் சார்!" என்று கத்தினார் மச்சான். "வாட்ச் எனக்கு! மாடி தங்கச்சிக்கு! இப்பவே எழுதுங்க!"

கடைசி எச்சரிக்கையில் கொஞ்சம் கைவரிசை இருந்தது என்று மச்சினி இன்றைக்கும் சொல்கிறாள். அவர் ஒப்புக்கொள்வதில்லை. "நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா, காட்டு" என்கிறார். காட்ட முடியவில்லை.

அடுத்த வாரமே மச்சான் நகரின் பெரிய கடைக்கு, உள்ளே நுழைந்தால் குளிரெடுக்கும் கடைக்கு, கடிகாரத்தை எடுத்துப் போனார். "வாட்ச் மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இதைப் பித்தளைன்னு சொல்லித் தட்டப் பாத்தாரு" என்று முன்கதை சொல்லித்தான் வெளியே எடுத்தார். கோட் போட்ட கடைக்காரர் பேச்சைக் கேட்டார், முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். "அபூர்வம் சார். இதையெல்லாம் நாங்க விலைக்கு வாங்கறதில்ல. குடும்பத்துலயே இருக்கணும்" என்று சொல்லி, மச்சானுக்கு ஒரு வெல்வெட் பெட்டியை விற்று அனுப்பினார். அந்தப் பெட்டியின் விலையில் அதே மாதிரிக் கடிகாரம் சந்தையில் இரண்டு கிடைக்கும்.

குடும்பச் சொத்தை அடிக்கப் பார்த்தவர் என்ற செய்தி சந்தைக்கு வந்தபோது, மேஜையை மடித்துவிட வேண்டியதுதான் என்று நம்மவர் நினைத்தார். அன்றைக்கு வரிசை சினிமா கொட்டகையின் பழைய டிக்கெட் ஜன்னல்வரை நின்றது.

"என்னய்யா இது?" என்றார் ரேடியோக்காரரிடம்.

"அட, ஆசைப்படற ஆளுக்குத்தானே பொருளோட அருமை தெரியும்னு பேசிக்கறாங்க" என்றார் அவர்.

இப்போதெல்லாம் 'பத்திரமா வைங்க' என்ற நாசூக்கை விட்டுவிட்டார். உள்ளதை உள்ளபடி சொல்கிறார். "இது சாதாரணக் கடிகாரம்." வந்தவர் கண்ணைச் சிமிட்டி, கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்ததைவிட நிமிர்ந்து நடந்து போகிறார். சென்ற மாதம் ஓர் அம்மாள் கொண்டுவந்தது உண்மையிலேயே நல்ல பொருள். கூடும் மெஷினும் ஒரே வயிற்றில் பிறந்தவை. "அம்மா, இது அருமையான கடிகாரம், யார்கிட்டயும் காட்டாதீங்க" என்றார். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு மட்டமாங்க?" என்றாள். அவளை நம்பவைக்க அன்று பாதி நாள் ஆனது. டீ வாங்கிக் கொடுத்து, ஏல அட்டவணையைக் காட்டி, ரேடியோக்காரரைச் சாட்சிக்கு அழைத்து, கடைசியில் அவள் அரை மனசோடு பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மாடியில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயின் ரோட்டுக் கடைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். மச்சினி மாடி ஜன்னலுக்குக் கீழேயே சின்னதாக ஒரு போர்டு மாட்டிக்கொண்டாள். பல் டாக்டர் எதிர் வீட்டு மாடிக்குப் போய்விட்டார். மச்சான் தினமும் காலையில், அப்பாவைப் போலவே தலையைத் துவட்டாமல், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்.

ஒருநாள் அவர் வெல்வெட் பெட்டியோடு மாடியேறி வந்தார். பெட்டிக்குள் கடிகாரம் ஆடுகிறது, உள்ளே வைக்க ஒரு சின்னப் பை தைத்துக் கொடு என்றார். மச்சினி அளவெடுக்க அதை வெட்டும் மேஜையில் வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. விளிம்பைச் சுற்றி, வளையத்தில், கீலில், எல்லா இடத்திலும் பித்தளை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"பாத்து, பாத்து," என்றார் அண்ணன். "மெதுவா எடு. கீறல் விழுந்துடப் போகுது."

"சரிண்ணே."

அன்று மாலை அத்தான் மாடிக்கு வந்தபோது, பை தயாராக இருந்தது. அடர்சிவப்புப் பட்டு, வாயில் சுருக்குக் கயிறு.

"உள்ளயும் செவப்புத்துணி வச்சிருக்கியே, எதுக்கு?" என்றார் அவர்.

"பக்கத்துல செவப்பு இருந்தா, ஓரம் கொஞ்சம் தங்கமாத் தெரியும் அத்தான்" என்றாள் மச்சினி, நூலைப் பல்லால் கடித்தபடி. "பாவம், அண்ணன் தெனமும் தொறந்து பாக்கறாரு."